அழாதவர்கள்

சிறுகதை எழுத எனக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. இருந்தாலும் குரு என்று இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் அசோகமித்திரன். இன்னொருவர், கதை படிக்கிற வழக்கமே இல்லாத என் அம்மா.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு வேலை போயிற்று. அதை வீட்டில் சொல்லாமல் இரண்டு மாதம் தினமும் டிபன் பாக்ஸுடன் கிளம்பிப் போனார். போனதெல்லாம் தியாகராய நகர் நடேசன் பூங்காவுக்கு. இருபது வருஷம் கழித்து இதை ஒரு கதையாக எழுதினேன். கடைசிப் பக்கத்தில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, துண்டில் முகம் புதைத்து விம்மி விம்மி அழுகிறார். கதை பத்திரிகையில் வெளிவந்தது. கண்ணீர் விட்டதாகப் பல வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுச் சொன்னாள்: "நன்னாத்தான் இருக்கு. ஆனா உங்கப்பா ஒரு நாளும் அழலையேடா. சாயந்திரம் வந்ததும் டிபன் பாக்ஸைத் தானே அலம்பிக் கவுத்துடுவார். அதுக்கு முன்னாடி அலம்பினதே இல்லை. அதிலேதான் எனக்குத் தெரிஞ்சுது."

என் கதையைவிட நல்ல கதை! சமையலறையில் நின்றபடி நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அந்த நாட்களில்தான் அசோகமித்திரனின் 'எலி'யை மறுபடி படித்தேன். ஒரு சாதாரணக் குடித்தனக்காரர் வீட்டு எலியைப் பிடிக்க, வெளியே போய் வடை வாங்கி வந்து பொறியில் வைக்கிறார். எலி அகப்படுகிறது. அதைத் திறந்த வெளியில் விட்டதும் பறவைக்கு இரையாகிவிடுகிறது. பிற்பாடு பார்த்தால், பொறியில் வடை தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது. இவ்வளவுதான் கதை. யாரும் விம்மவில்லை. எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

1931இல் செகந்திராபாத்தில் பிறந்த தியாகராஜன், தகப்பனார் காலமான பிறகு 1952இல் சென்னைக்கு வந்தார். இன்று ஜனங்கள் மேம்பாலத்துக்கு இட்ட பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஜெமினி ஸ்டூடியோவில் பதினாலு வருஷம் வேலை பார்த்தார். வேலையை விட்ட பிறகு எழுத்தை நம்பியே வாழ்ந்தார். 'அப்பாவின் சிநேகிதர்' தொகுதிக்கு 1996இல் சாகித்ய அகாதமி பரிசு வந்தது. 2017 மார்ச்சில் சென்னையிலேயே காலமானார்.

ஸ்டூடியோ உத்தியோகத்தில் அவர் சம்பாதித்த பெரிய சொத்து 'புலிக்கலைஞன்' என்று எனக்குத் தோன்றும். வாய்ப்புக் கேட்டு வந்த ஏழை, எல்லார் கண்ணெதிரிலும் புலியாகவே மாறிவிடுகிறான். பிறகு அவனைத் தேடும்போது கிடைக்கவில்லை. இதில் மனிதர்களையோ விதியையோ திட்ட எத்தனை சௌகரியம் இருக்கிறது! அவர் திட்டவில்லை. பார்த்தார், எழுதினார். அவர் எழுத்து வறட்சி என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவனை வறண்டவன் என்பீர்களா?

வீட்டில் இடம் போதாமல் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதினவர் அசோகமித்திரன் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். என் அப்பா பொழுதைப் போக்க வந்து உட்கார்ந்த அதே பூங்கா! இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு பொய் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மாதிரிப் பொய்யை விடவைத்ததே அவர்தான்.

கதை புத்தகமாக வந்தபோது கடைசிப் பக்கத்தை மாற்றினேன். துண்டை எடுத்துவிட்டு டிபன் பாக்ஸை வைத்தேன். இந்தத் தடவை ஒரு கடிதம்கூட வரவில்லை.

அம்மா மட்டும் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு, "மணி என்னடா ஆச்சு?" என்று கேட்டாள்.