சங்குக் கிழங்கும் கமலாப்பழமும்

கொல்கத்தாவில் மார்கழி பிறந்துவிட்டால் காய்கறிக் கடைகளில் ஒரு கிழங்கு வந்து குவியத் தொடங்கும். பார்வைக்கு அழகானதன்று. மண்ணின் நிறத்தோலும், பருத்த பம்பரம் போன்ற உருவமும், சிலவற்றில் நான்கு புறமும் பிதுங்கிய பக்கங்களும் கொண்டது. ஆயினும் முனையில் கிள்ளித் தோலை இழுத்தால் அது பட்டை பட்டையாக உரிந்து வர, உள்ளே சங்கு போன்ற வெண்மையான சதை தோன்றும். அதனாலேயே வங்காளிகள் அதனைச் ‘சாங்காலு’, அதாவது சங்குக் கிழங்கு என்கின்றனர். பீகாரில் அதற்குக் ‘கேசௌர்’ என்று ஒரு பெயர் உண்டு. இந்தி வழங்கும் பிற இடங்களில் ‘மிஸ்ரிகந்த்’ என்பர். மிஸ்ரி என்பது கற்கண்டு. கந்தம் என்பது கிழங்கு. ஒரு சாரார் நிறத்தைக் கண்டு பெயரிட்டனர். மற்றொரு சாரார் சுவையைக் கண்டு பெயரிட்டனர் போலும். இரண்டும் பொருத்தமான பெயர்களே.

வெள்ளரிப் பிஞ்சின் நீர்ச்சத்தும், முற்றாத தேங்காயின் மெல்லிய இனிப்பும் ஒன்று சேர்ந்தாற்போன்ற சுவை அது. கடித்தால் நறுக்கென்று ஒலி கேட்கும். இதைப் பச்சையாகவே உண்ணலாம். உண்மையில், பச்சையாக உண்பதற்கே ஏற்றது. இக்கிழங்கு கடைக்கு வரும் அதே நாள்களில் டார்ஜீலிங் மலைச் சரிவுகளிலிருந்து கமலாப்பழமும் கூடை கூடையாக வந்து இறங்கும். வங்காளிகள் ‘கமலா லேபு’ என்கின்றனர். நாமும் கமலா ஆரஞ்சு என்கிறோம். பெயரளவிலேனும் நமக்கு உறவுடைய பழம். இவ்விரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து செய்யும் பச்சடியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். பச்சடி என்று சொல்லிவிட்டேனே ஒழிய, தயிர் சேராத இதனைக் கோசுமல்லி என்பதே முறை. ஆங்கில மோகம் கொண்ட எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்குச் ‘சாலட்’ என்று பெயர் வைத்திருக்கின்றனர். எப்பெயரால் அழைத்தாலும் கிண்ணம் காலியாகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் இது நுழைந்த விதத்தைச் சொல்லாவிட்டால் இதன் அருமை விளங்காது. என் மாமனார் காலமான பின், தஞ்சை மாவட்டத்தில் தனியே இருந்த என் மாமியாரை இங்கு அழைத்து வந்தோம். வரும்போது அவர் கொண்டு வந்த உடைமைகளில் அவர் மிகவும் கவனத்துடன் மடியில் வைத்துக் காத்து வந்தது ஒரு ஜாடி உப்பு நார்த்தங்காய். சுருள் சுருளாக நறுக்கி, இடையே உப்பைத் திணித்து, வெயிலில் உலர்த்திய பழைய சரக்கு. தயிர் சாதமும் அதில் ஒரு துண்டும் இருந்தால் அவருக்கு வேறு ஒன்றும் வேண்டுவதில்லை. வந்த இரண்டாம் மாதம் அவருக்குத் தலைசுற்றல் கண்டது. பரிசோதித்த மருத்துவர் இரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறது என்று கூறி, மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு ஊறுகாயையும் அப்பளத்தையும் அறவே விலக்கச் சொல்லிவிட்டார். வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியளவுக்குள்ளாகவே, உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய் ஒன்றிரண்டு துண்டிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும்.

மருத்துவர் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஜாடியைத் தம் கையாலேயே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். ஆனால் அன்று முதல் அவர் உண்ணும் சோறு பாதியாகக் குறைந்தது. பின்னர் அதிலும் பாதியாயிற்று. “வெறும் தயிர் சாதம் தொண்டையில் இறங்கவில்லையம்மா, நீ வருத்தப்படாதே,” என்பார். ஊரும் புதிது, மொழியும் புதிது, கணவரை இழந்த துயரம் வேறு. இத்தனைக்கும் மேலே நாவுக்குப் பழகிய ஒரே துணையும் போய்விட்டால் ஒருவர் எதைக் கொண்டு உண்பார்? தை மாதத்திற்குள் அவர் வளையல்கள் கையை விட்டுக் கழன்று விழும் நிலைக்கு வந்துவிட்டன. மாத்திரை ஒருபுறம் நன்மை செய்ய, பட்டினி மறுபுறம் அவரை உருக்கிக்கொண்டிருந்தது.

வங்காளத்தில் சரஸ்வதி பூசை நம்மைப் போல் நவராத்திரியில் வருவதன்று. வசந்த பஞ்சமியன்று வருவது. (ஆகவே இங்கு வளரும் தமிழ்க் குழந்தைகளுக்குப் புத்தகத்தைத் தொடாமல் இருக்க ஆண்டுக்கு இரண்டு நாள்கள் வாய்க்கின்றன. அவர்கள் இதனைக் குறையாகக் கருதுவதாகத் தெரியவில்லை.) அன்றைய நைவேத்தியத்தில் இலந்தைப் பழமும், சாங்காலுவும், நறுக்கிய மற்றப் பழங்களும் தவறாமல் இடம் பெறும். அந்தப் பூசைக்கு முன் இலந்தைப் பழத்தை உண்ணலாகாது என்று மாணவர்களுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. கீழ்வீட்டு வங்காளி அம்மையார் அவ்வாண்டு பிரசாதத் தட்டோடு மாடிக்கு வந்து, “மாசிமா, பிரசாதம்!” என்று என் மாமியார் கையில் கொடுத்தார். மாசிமா என்றால் சிற்றன்னை, பெரியன்னை என்று பொருள்.

வேறு எவ்வகையில் கொடுத்திருந்தாலும் என் மாமியார் அதைத் தொட்டிருக்க மாட்டார். பெயர் தெரியாத கிழங்கைப் பச்சையாகத் தின்பதாவது! ஆயின் கலைமகளுக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்வது எப்படி? கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துண்டை வாயில் இட்டார். தட்டில் கமலாச் சுளையோடு ஒட்டியிருந்த துண்டு அது. சற்று நேரம் மென்றார். பிறகு, “இதில் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டால் எப்படி இருக்கும்?” என்று என்னைக் கேட்டார். இரண்டு மாதங்களில் உணவைப் பற்றி அவர் தாமாகக் கேட்ட முதற் கேள்வி அதுதான்.

மறுநாளே லேக் மார்க்கெட் பக்கம் சென்று கிழங்கு வாங்கி வந்தேன். வாழையிலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடித் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் செல்லும் இடம் அது. வெள்ளரிக் கோசுமல்லிக்கு ஊற வைப்பது போலப் பயத்தம்பருப்பு ஊற வைத்து, கிழங்கைச் சிறு சதுரங்களாக நறுக்கிக் கலந்து கொடுத்தேன். மாமியார் பரீட்சை அதிகாரி போல ஆராய்ந்து திருத்தங்களைச் சொன்னார். பருப்பு வேண்டாம், கிழங்கின் நறுக்கென்ற ஓசையே போதும். சதுரத் துண்டு கடைவாயில்லாத கிழவிக்கு ஆகாது; தீக்குச்சி போல மெல்லியதாக நறுக்க வேண்டும். துருவினாலோ சாறெல்லாம் வெளியேறிச் சக்கைதான் மிஞ்சும். உப்பை இலையில் பரிமாறும் தறுவாயில்தான் தூவ வேண்டும்; முன்பே போட்டால் நீர் விட்டுக் கிழங்கு துவண்டுவிடும். இவற்றுள் ஒன்றையேனும் இன்றுவரை மாற்ற வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்ததில்லை.

இப்போது நாங்கள் செய்யும் முறை இது. நால்வருக்கு அரைக் கிலோ கிழங்கு, மூன்று கமலாப்பழம், ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு பச்சைமிளகாய், சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, ஒரு பிடி கொத்தமல்லித் தழை போதும். கிழங்கு வாங்கும்போது நடுத்தர அளவில், தோல் மெல்லியதாக, கைக்குக் கனமாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியது மலிவாகக் கிடைக்கும். ஆனால் நார் முற்றி மாவுத் தன்மை ஏறியிருக்கும். தோலை உரித்தபின் அதனடியில் உள்ள நாரோடிய மெல்லிய அடுக்கையும் கத்தியால் சீவிவிட வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கிழங்கின்மேல் பழி போடுகின்றனர். கமலாச் சுளைகளை மேல்தோலும் விதையும் நீக்கி உதிர்க்கும்போது கிண்ணத்தின் மேலேயே பிடித்துக்கொண்டால் சாறு வீணாகாது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நறுக்கிய யாவற்றையும் கலந்து, கால்மணி நேரம் மூடி வைக்க வேண்டும். ஒரு சிறு கரண்டி எண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுவது எங்கள் வழக்கம். கீழ்வீட்டு அம்மையார் தாளிதத்தை ஒப்புவதில்லை. பச்சைக் கடுகெண்ணெய் சில துளியும், வறுத்த மிளகாய்த் தூளும் சேர்ப்பதே அவர் முறை. பம்பளிமாஸ் சுளையை வங்காளிகள் அவ்வாறே கடுகெண்ணெயும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து உண்பர். எனக்கு இரண்டும் பிடிக்கும். வீட்டில் அதனை உரக்கச் சொல்வதில்லை.

உப்பு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகவே போடுகிறோம், அதுவும் நால்வருக்கு. குறைவதாக நாவுக்குத் தெரிவதே இல்லை. புளிப்பு உடனிருக்கும்போது சிறிதளவு உப்பும் மிகுதியாகத் தோன்றும் என்பது சமையலறையில் எவரும் சோதித்து அறியக்கூடிய உண்மை. நார்த்தங்காயில் என் மாமியார் தேடியதும் உப்பை மட்டுமன்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்தப் புளிப்பும், நாரத்தை இனத்துக்கே உரிய மணமும், பல்லுக்கு ஒரு வேலையும் அவருக்குத் தேவையாயிருந்தன. கமலாப்பழமும் எலுமிச்சையும் நார்த்தையின் உறவினங்களே அன்றோ? வாரம் ஒன்று கழிவதற்குள் தயிர் சாதம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. இரத்த அழுத்தம் இக்கிழங்கால் இறங்கிற்று என்று நான் சொல்ல மாட்டேன். அது மாத்திரையால் இறங்கிற்று. சோறு இக்கிழங்கால் இறங்கிற்று என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

100 கிராம் கிழங்கில் ஏறக்குறைய 90 கிராம் நீரே. அதில் உள்ள எரிசக்தி 40 கலோரிக்கும் குறைவு. நார்ச்சத்து மிகுதி, அதில் ஒரு பகுதி இனுலின் என்னும் வகை. ஆதலின் நீரிழிவு உள்ளோருக்கும் உருளைக்கிழங்கைப் போல இது அச்சமூட்டுவதன்று; பழத்தின் அளவை மட்டும் அவர்கள் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் ஆரஞ்சு வகைகளைக் குறித்துத் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“இது நம் நாட்டுக் கிழங்குதானா?” என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார். பிரசாதமாக உண்ட பிறகும் அந்த ஐயம் அவரை விட்டபாடில்லை. திவசச் சமையலில் அயல்நாட்டுக் காய்களை விலக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லவா? படித்துப் பார்த்ததில், இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் என்று தெரிந்தது. அங்கு இதன் பெயர் ஜிகாமா. 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் இது பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்து, அங்கிருந்து ஆசிய நாடுகளில் பரவிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் உறவினர்கள் இதனைச் செங்குவாங் என்ற பெயரால் அறிவார்கள். அங்கு ‘ரோஜாக்’ என்னும் கலவையில் இது சேரும். மெக்சிகோ மக்கள் இதனை ஆரஞ்சுச் சுளையோடு கலந்து, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூள் தூவி உண்கின்றனர். எங்கள் சமையலறையில் கிழவி ஒருவர் பிரசாதத் தட்டைப் பார்த்துத் தாமே கண்டுபிடித்ததும் ஏறக்குறைய அதேதான்.

இன்னொரு செய்தியையும் அவருக்குச் சொன்னேன். ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆசியாவில் தோன்றி மேற்கே சென்று, ஸ்பானியர் வழியாக மெக்சிகோவை அடைந்தவை. மிளகாயோ அங்கிருந்து இங்கு வந்தது. “மிளகாயும் வந்ததுதானா?” என்று வியந்தவர், சற்றுச் சிந்தித்து, “அதனால்தான் திவசத்துக்கு மிளகு மட்டும் போடுகிறோம்,” என்று தாமே விடை கூறிக்கொண்டார். அதன் பின் கிழங்கின் குலம் கோத்திரத்தைப் பற்றிய விசாரணை முடிவுற்றது. திவசத்தன்று மட்டும் அது அடுக்களைக்குள் வராது.

வீட்டில் பயிரிட எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. இது அவரை இனத்தைச் சேர்ந்த கொடி. மழைக்காலத்தில் விதைத்துக் குளிர்காலத்தில் தோண்டுவர். கிழங்கு பெருப்பதற்காக உழவர்கள் பூவைக் கிள்ளி எறிந்துவிடுவர். அவ்வாறு கிள்ளாமல் விட்டால் அவரை போலவே காய்க்கும். ஆனால் அதன் விதை நஞ்சு. பூச்சிகளையும் மீன்களையும் கொல்லக்கூடிய ரோட்டினோன் என்னும் பொருள் அதில் இருக்கிறது. இலையும் முற்றிய காயும் உண்ணத் தக்கவையல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் கொடி வளர்ப்பதைவிடக் கடையில் வாங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

டெல்லி, மும்பை அன்பர்களுக்கு இக்கிழங்கு எளிதில் அகப்படாமற் போகலாம். டெல்லியில் குளிர்காலச் சிவப்புக் காரட்டும், இளம் வெள்ளை முள்ளங்கியும் இருக்கின்றன. பஞ்சாபின் அபோகர் வட்டாரத்துக் கின்னோவும் வந்துவிடும். கின்னோவில் விதை மிகுதி, பொறுமை வேண்டும். மும்பையில் நாகபுரி ஆரஞ்சுக்குக் குறைவில்லை. முள்ளங்கியாயின் நறுக்கியபின் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் இட்டு எடுத்தால் காரம் தணியும். டர்னிப் என்னும் சல்கமும் அவ்வாறே. ஆனால் சங்குக் கிழங்கின் இனிப்பு இவற்றில் வாராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முழுக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாகாது. குளிர் தாங்காமல் உள்ளே அழுகிவிடும். உருளைக்கிழங்கு, வெங்காயம் போலக் காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும். நறுக்கியதை மட்டும் மூடிய பாத்திரத்தில் குளிரில் வைத்து மறுநாளே தீர்த்துவிட வேண்டும். உண்டு முடித்தபின் கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். என் மாமியார் அதனை நீர்மோரில் விட்டு, ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுக் குடிப்பார். கேட்டால்தான் எங்களுக்கும் ஒரு வாய் கிடைக்கும்.