விளாங்குடியினின்று வெண்மணி வரை

வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையோரம் அமைந்தது எம் விளாங்குடி. இங்குள்ள ஏழையர்க்கு வீடு கட்ட நிதி திரட்டத் தொடங்கிய நாளில், முன்னோடிகளின் பணியைக் காண நாகை மாவட்டத்துக் கீழ்வெண்மணிப் பகுதிக்குச் சென்றோம்.

1968 டிசம்பர் 25 இரவு, அங்கே குடிசையொன்றில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். அதன்பின் அப்பகுதியிலேயே தங்கி உழைத்த ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் 1981-இல் 'லாப்டி' இயக்கத்தைத் தோற்றுவித்தனர். உழுவோர்க்கு முதலில் நிலம் கிடைத்தது. பின்னர் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. வீடு பெறுவோரும் செங்கல் அறுத்து, மண் சுமந்து உழைத்தனர்.

அன்பர்களே, நான் வெட்கமுற்றேன். பலரிடம் பணம் கேட்டேன்; குடிசையில் வாழ்வோரிடம் ஒரு சொல்லும் கேட்டிலேன். ஊர் திரும்பியதும் உண்டியலை வைத்துவிட்டு, அவர்தம் வாசலில் அமர்ந்தேன். "எங்க வீட்டுக்கு நாங்களும் மண்ணு சுமப்போம் சாமி" என்றார் ஒரு தாய்.

நன்கொடையோடு, அத்தாயின் அருகில் நின்று ஒருநாள் உழைப்பும் தாரீர்.