டாரோ சீட்டுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

தங்கை மகள் டாரோ சீட்டு கற்றுக்கொள்கிறாள். ‘மரணம்’ சீட்டு வந்ததிலிருந்து இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். "பெரியம்மா, எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்றாள். உங்களில் சிலரும் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

அர்த்தம் சொல்லும் புத்தகத்துக்கு முன் வரலாறு படியுங்கள். ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980-இல் எழுதிய ‘த கேம் ஆஃப் டாரோ’ தடிமனான புத்தகம்தான். ஆனால் பயம் போய்விடும். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இது வெறும் சீட்டாட்டம். மரணம் அதில் ஒரு துருப்புச் சீட்டு, அவ்வளவே. எகிப்திய ஞானம் என்று 1781-இல் எழுதியவர் ஃபிரான்சின் கூர் த ஜெபலான். எகிப்தியப் பட எழுத்தை யாருக்கும் படிக்கத் தெரியாத காலம் அது!

பிறகு, உங்கள் கையிலுள்ள கட்டுக்குப் பொருந்தும் புத்தகம். 1909-இல் வந்த ரைடர் கட்டு என்றால் வெயிட் எழுதிய ‘பிக்டோரியல் கீ’. நடை கரடுமுரடு. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். ‘ரைடர்-வெயிட்’ என்ற பெயரில் அவர் இல்லாதது எனக்கு வருத்தம். 78 சீட்டையும் பொறுமையாக விளக்குபவர் ரேச்சல் பொல்லாக். அவருடைய ‘செவன்ட்டி எயிட் டிகிரீஸ் ஆஃப் விஸ்டம்’ வாங்குங்கள்.

இந்த மூன்றும் ஒரு வெற்று நோட்டும் போதும். தேதி, வந்த சீட்டு, நினைத்தது எல்லாம் எழுதி, மாதம் கழித்துச் சரிபாருங்கள். வேலையை விடலாமா என்று மட்டும் சீட்டைக் கேட்காதீர்கள், கண்ணுகளா.

டம்மெட்டின் பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். தபால் செலவு என்னுடையது.