ரவை வாங்கிய கதை

ரவை என்றதும் உங்களுக்கு உப்புமா ஞாபகம் வரும். சென்ற தை மாதம் வரையில் எனக்கும் அப்படித்தான். இப்போதோ யாராவது ரவை என்றால், "எத்தனாம் நம்பர்?" என்று என் வாய் தானாகக் கேட்கிறது. மளிகைக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

நான் சொல்லும் ரவை, துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கிற ஈய ரவை. பத்திரிகை ஆபீசில் சமையல் குறிப்பும் சங்கீத விமரிசனமும் திருத்திக் கொண்டிருந்தவளுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? எல்லாம் என் அக்கா மகளால் வந்த வினை.

சென்னையில் காலேஜில் படிக்கிறாள் அவள். 2024-ஆம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 'ட்ராப்' போட்டியில் கலந்து கொண்டாரல்லவா? அதற்கு முந்திய வருஷம் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், அவரும் இன்னும் இருவரும் சேர்ந்த இந்திய அணி தங்கமே வாங்கியது. அதையெல்லாம் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. பெண்ணை ஒரு கிளப்பில் சேர்த்தாயிற்று.

விளையாட்டு இதுதான்: ஓர் இயந்திரம் சின்னத் தட்டு ஒன்றை ஆகாயத்தில் வீசும். அது தரையைத் தொடுமுன் சுட்டு உடைக்க வேண்டும். நம் வீட்டு டபராவை மூடும் தட்டுக்குக் கொஞ்சம் பெரிது. குறுக்களவு 110 மில்லி மீட்டர். களிமண் தட்டு என்று பெயரே தவிர, இந்தக் காலத்தில் சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் கலந்து வார்க்கிறார்கள். ஆதியில் உயிருள்ள புறாவைப் பறக்க விட்டுத்தான் சுட்டார்கள். 1900-ல் நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கூட அந்தக் கொடுமை நடந்தது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1880-ல், அமெரிக்காவில் லிகௌஸ்கி என்பவர் மண் தட்டைக் கண்டுபிடித்திருந்தார். பையன்கள் தண்ணீர் மேல் சிப்பியை வீசித் தத்த விடுவதைப் பார்த்து அவருக்கு யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். மரக்காணத்துப் பையன்கள் தினமும் செய்கிற காரியந்தான்!

ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒரு தட்டுக்கு இரண்டு தடவை சுடலாம். ஆக, ஒரு சுற்றுக்கு ஐம்பது தோட்டா வரையில் ஆகும். அக்காவின் மாத பட்ஜெட் தள்ளாடியது. "மலிவான தோட்டா எதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க சித்தி" என்று பெண் என் காலைச் சுற்றினாள்.

அந்தச் சமயத்தில் பொங்கல் வந்தது. எல்லோரும் மரக்காணம் போனோம். அம்மா இன்னும் அங்கேதான், அவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள். அவளுடைய தகப்பனார், அதாவது என் தாத்தா, உப்பளத்தில் கணக்கு எழுதியவர். லைசென்ஸுடன் ஒரு துப்பாக்கியும் வைத்திருந்தார். அவர் காலமானதும் துப்பாக்கியைச் சர்க்காரிடம் ஒப்படைத்தாயிற்று.

பேத்தியின் கஷ்டத்தைக் கேட்ட அம்மா, "காசு குடுத்து எதுக்குக் கண்ணு வாங்கணும்? எங்கப்பா வச்சிருந்தது இருக்குதே!" என்றாள். டிரங்குப் பெட்டியில் கலியாணப் புடவைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே பதினெட்டுத் தோட்டாக்கள்!

பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "இதைவிட மலிவு ஏது சித்தி? லைசென்ஸ் வாங்கினதும் இங்கேயே பழகலாம். பின்னால எவ்வளவு வெட்டவெளி! மைதானத்துக்குக் கட்டுற பணமும் மிச்சம்" என்று திட்டமே போட்டு விட்டாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. தோட்டாக்களைத் தொடாமல், கிளப்பில் பழக்குகிறவரைப் போனில் கூப்பிட்டேன். "எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்றார். காகிதக் குழல்கள் உப்பியிருந்தன. பித்தளை அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிற ஊர், தோட்டாவை விடுமா?

"தயவு செய்து சுடற யோசனையே வேண்டாம்" என்றார் அவர். ஈரம் ஏறிய மருந்து சில சமயம் வெடிக்காது. சில சமயம் அரைகுறையாக வெடித்து, அடைப்பான் குழலுக்குள்ளேயே நின்று விடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டால் குழலே பிளந்து விடுமாம். பிறகு அரை மணி நேரம் பாடம் நடந்தது. வீட்டில் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ உள்ளவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் துப்பாக்கிக்குப் பொருந்துகிற தோட்டாதானா என்று பார்க்க வேண்டும். 12 போர் துப்பாக்கியில் தவறிப் போய் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது உள்ளே வழுக்கிப் போய் உட்கார்ந்து கொள்ளும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், கையே போய்விடும். நீளமும் முக்கியம். பழைய துப்பாக்கிகளில் 65 மில்லி மீட்டர் தோட்டாவுக்கு மட்டுமே இடம் உண்டு. அவற்றில் இன்றைய 70 மில்லி மீட்டர் தோட்டாவைப் போடக் கூடாது.

இரண்டாவது, ரவையின் எடை. ஒலிம்பிக் விதிப்படியே 24 கிராம்தான். வேட்டைக்குப் போடும் 36 கிராம் தோட்டா விலையும் அதிகம், தோளில் உதைப்பதும் அதிகம். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிற பழக்கம் ஒரு தடவை வந்து விட்டால், அதைப் போக்க ஆயிரம் தோட்டா செலவாகுமாம். அதனால், புதிதாகப் பழகுகிறவருக்கு லேசான தோட்டாவே மலிவான தோட்டா.

மூன்றாவது, ரவையின் பருமன். நம்பர் ஏற ஏற ரவை சின்னதாகும். ஏழரை நம்பர் போதும். 24 கிராமில் சுமார் முந்நூறு ரவை இருக்கும். நிக்கல் பூசியது, அதிவேகமானது என்று விலையுயர்ந்த சரக்கெல்லாம் போட்டிக்குப் போகிறவர்களுக்கு. ஆரம்பத்தில் ஒரே வகைத் தோட்டாவை விடாமல் உபயோகிப்பதும், தட்டுக்கு ஒரு தோட்டா என்று கட்டுப்பாடு வைத்துக் கொள்வதும் உத்தமம். ஐம்பது உடனே இருபத்தைந்தாகி விடுகிறதே! காலித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கிப் பழகுவதற்கோ ஒரு காசும் வேண்டாம்.

இத்தனையும் கேட்ட பெண், "சரி, புதுத் தோட்டாவே வாங்கிக்கறேன். ஆனா இந்த வெளியில பழகினா என்ன?" என்றாள்.

அதற்குப் பதில் சொன்னது நானல்ல, அம்மா. சாயங்காலம் எங்கள் இருவரையும் உப்பளத்து வரப்பு வழியாக அழைத்துப் போனாள். மழைத் தண்ணீர் வடிந்து, புது வருஷத்து உப்புக்காகப் பாத்திகளை மிதித்துச் சீர் செய்து கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் கழுவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் ஆழமில்லாத தண்ணீர். அதில் ஊசிவால் வாத்துகள் தலையை முக்கி முக்கிச் சேற்றை அரித்துத் தின்று கொண்டிருந்தன.

"சின்ன வயசில எங்கப்பா அடிச்சிட்டு வர்ற வாத்துக் குழம்பைச் சாப்பிடறப்ப, பல்லுல நறுக்குன்னு ரவை மாட்டும். எடுத்துத் தட்டோரமா வைப்போம். அடிபட்ட வாத்துல இருந்த ரவை அது. அடிபடாத வாத்தைத் தாண்டிப் போன ரவையெல்லாம் எங்கே போச்சு, சொல்லு?" என்றாள் அம்மா.

எங்கே போகும்? இந்தச் சேற்றில்தான் போயிருக்கும். வாத்துக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக் கொள்ளும். கல் என்று நினைத்து ரவையையும் விழுங்கும். நாம் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். இதுவோ காரீயம், விஷம். இரைப்பையில் அரைபட்டு ரத்தத்தில் கலந்து, பறவை மெலிந்து செத்துப் போகும். இதற்காகவே அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தார்கள். ஐரோப்பிய யூனியன் 2023 முதல் சதுப்பு நிலங்களில் ஈய ரவையைச் சுடவே கூடாது என்று விட்டது.

நான் மனக்கணக்குப் போட்டேன். 25 தோட்டாவுக்கு 24 கிராம் வீதம் 600 கிராம் ஈயம். நூறு சுற்றுப் பழகினால் அறுபது கிலோ! அதற்கென்று உள்ள மைதானத்தில் அது விழுமிடம் தெரியும்; வாரி எடுத்து உருக்கி விடலாம். இங்கே தூவினால் யார் அரித்தெடுப்பது? ஒரு பக்கம் நாம் குழம்பில் போடுகிற உப்பு விளைகிற பாத்தி. இன்னொரு பக்கம், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் ஏறிய கழுவெளி. மிச்சமாகிற மைதானப் பணத்தை இந்த இரண்டுக்கும் அல்லவா பற்று எழுத வேண்டும்!

பெண் ஒன்றும் பேசவில்லை. ஆனால் திரும்பும் வழியில், "அந்தப் பெட்டியை என்ன பண்ணலாம் ஆயா?" என்று அவளே கேட்டாள்.

அதுதான் உண்மையில் பெரிய கேள்வி. லைசென்ஸ் இல்லாதவர்கள் வீட்டில் ஒரு தோட்டா இருந்தாலும் குற்றம்.  ஆயுதச் சட்டப்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முன்னதாகத் தகவல் சொல்லி, அவர்கள் சொன்னபடி மறு நாளே கொடுத்து எழுதி வாங்கிக் கொண்டோம். அம்மாவின் கண் கலங்கியது. தகப்பனார் ஞாபகமாக இருந்த கடைசிப் பொருள் அல்லவா? "புடவை வைக்க இடம் கிடைச்சுது, போ" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

வாசகிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி இருந்தால், ஒரு நாள் திறந்து அடி வரையில் பாருங்கள்.

போன வாரம் பெண் பழகுவதைப் பார்க்கப் போயிருந்தேன். 24 கிராம் தோட்டா, தட்டுக்கு ஒன்றாக 25. ஒன்பது தட்டு உடைந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை என்றாள். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"மிச்சம் பதினாறும் தப்பிச்சுதா? நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா.