புகைவிட்டோர் துணை

நாசரேத் ரயிலடியருகே மாலைதோறும் கூடும் எம் நண்பர் நால்வருள் மூவர் பீடியைத் துறந்தவர்கள். நான்காமவரோ ரமலானில் பகலெல்லாம் பொறுத்திருந்து, பாங்கு கேட்டதும் நோன்புக் கஞ்சிக்கு முன்பே தீப்பெட்டியைத் தேடுபவர். 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடங்களில் புகைக்கத் தடை வந்தது. அவர் சந்துக்குள் ஒதுங்கினார், அவ்வளவே!

“13 மணி நேரம் தாங்கிய உமக்கு இன்னும் 5 நிமிடம் பாரமா?” என்றார் மூவருள் மூத்தவர். கேலியன்று; புகை வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்நேரம் சுக்குக் காப்பியும் பேச்சுத்துணையுமாக மூவரும் உடனிருந்தனர். முதல் வாரம் எரிச்சலும் உறக்கமின்மையும் வாட்டின. இருமுறை வழுக்கினார், எவரும் ஏசவில்லை. தாமும் வழுக்கி எழுந்தவர்களல்லவா!

ஓராண்டு விட்டிருந்தால் இதயநோய் அபாயம் புகைப்போர்க்குள்ளதில் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவருக்கு இது எட்டாம் மாதம். துணைவியார் மட்டும் இன்னமும் சட்டைப்பையைச் சோதித்து வருகிறாராம்.