ஹெசெத்தைத் தமிழாக்கும்போது

எபிரேய வேதாகமத்தில் ‘ஹெசெத்’ என்ற சொல் ஏறக்குறைய 250 இடங்களில் வருகிறது. கைவிடாத உறவு, சொன்ன சொல்லில் நிற்பது, கடமைக்கும் மேலே போய்ச் செய்யும் உதவி எல்லாம் அதில் ஒட்டிக்கிடக்கின்றன. விவிலிய மொழிபெயர்ப்பாளரிடம் இவ்வளவு முரண்டுபிடிக்கும் சொற்கள் அதிகமில்லை. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இரக்கம் என்று பொருள்படும் சொல்லைப் போட்டது. இலத்தீனும் அதே வழியில் போயிற்று. 1535இல் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கவர்டேல் அன்பையும் தயவையும் ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு கூட்டுச்சொல்லையே செய்துகொண்டார். தமிழில் 1995இல் வந்த திருவிவிலியம் 136ஆம் சங்கீதத்தில் ‘பேரன்பு’ என்கிறது. பழைய திருப்புதல் அங்கே ‘கிருபை’ என்கிறது.

‘விசுவாசம்’ என்று போட்டால் என்ன? அந்தச் சொல்லைத் திருச்சபை கடவுள் நம்பிக்கைக்கென்று எடுத்துக்கொண்டு நெடுங்காலமாயிற்று. அதைவிடப் பெரிய தடை, அது பார்க்கும் திசை. ‘நன்றி விசுவாசம்’ என்று பேச்சில் சொல்லும்போது உப்பிட்டவரை உப்புத் தின்றவர் நினைத்திருப்பதுதான் பொருள். பார்வை கீழிருந்து மேலே போகிறது. ஹெசெத் பெரும்பாலும், முடிந்தவர் முடியாதவருக்குச் செய்வது.

ரூத்தின் கதை இதற்கு உரைகல். நான்கே அதிகாரமுள்ள அந்நூலில் ஹெசெத் மூன்று இடங்களில் வருகிறது (1:8, 2:20, 3:10). நகோமி முதலில் அதைச் சொல்வது இரு மருமகள்களையும் பார்த்துத்தான். திரும்பிப்போன ஒர்பாளுக்கும் அந்தப் பாராட்டு உண்டு. பிரசங்கங்களில் அவள் படும் பாடு நூலில் இல்லை. ரூத் போகாமல் நின்றது கடமைக்கும் மேல். அவள் மோவாபியப் பெண், விதவை. மாமியாரிடம் அவளுக்குக் கொடுக்க எதுவுமில்லை. இரண்டாம் இடத்தில் உயிரோடிருப்போர்க்கும் இறந்தோர்க்கும் ஹெசெத்தைக் கைவிடாதவர் கடவுளா, ரூத்துக்கு உதவிய உறவினர் போவாஸா என்று மூலம் திட்டமாகச் சொல்வதில்லை. தமிழில் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். பழைய திருப்புதல் கடவுளைத் தேர்ந்தது. மூன்றாம் இடத்தில் அது ‘நற்குணம்’ என்று மாற்றிக்கொள்கிறது. வாக்கியம் இயல்பாக ஓடுகிறது; மூன்று இடங்களையும் கோத்த நூல் அறுந்துபோகிறது. இழப்பு சிறியதல்ல. ஒரே நூலுக்குள்ளாவது ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது.

தாவீதுக்கும் யோனத்தானுக்கும் இடையில் இருந்ததும் ஹெசெத்தான் (1 சாமுவேல் 20). யோனத்தானின் தந்தையான அரசர் சவுலின் கண்ணுக்கு அது துரோகமாகவே பட்டது. இருவர் மோதும்போது ஒருவரிடம் காட்டும் உண்மை மற்றவருக்கு வஞ்சகமாய்த் தெரியும் என்பதை விவிலியம் மூடிமறைப்பதில்லை. பின்னாளில் அரியணையில் அமர்ந்த தாவீது, யோனத்தானின் மகன் மேவிபோசேத்தைத் தேடி அழைத்துத் தன் பந்தியில் உட்காரவைத்தார். அவன் இரு காலும் முடமானவன். முந்திய அரச வம்சத்தை வேரறுப்பது அன்றைய அரசர்களிடம் புதிதல்ல.

1927இல் நெல்சன் குளூக் ஹெசெத்தை உடன்படிக்கை விதிக்கும் கடமையாக விளக்கினார். 1978இல் கேதரின் சேக்கன்ஃபெல்டு, செய்யாமல் விட்டாலும் கேட்பாரில்லாத நிலையில் வலியவர் செய்வதே அது என்று அழுத்திச் சொன்னார். மேவிபோசேத்தின் கதைக்கு இரண்டாவதே பொருந்துகிறது.

ஆதியாகமம் 47:29இல் யாக்கோபு தன்னை எகிப்தில் அடக்கம் செய்யாதபடி யோசேப்பிடம் கேட்பதும் ஹெசெத்தே. இறந்தவர் திருப்பிச் செய்ய முடியாது என்பதால், அவருக்குச் செய்யும் இறுதிக் கடனை யூத மரபு ‘மெய்யான ஹெசெத்’ என்றே அழைக்கிறது.