ஆடுகிற வண்டிக்குள் கேஸ் லைன்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. லேத் பட்டறைகளுக்கும் மோட்டார் உதிரிபாகங்களுக்கும் பேர்போன இடம். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு இட்லியும் பரோட்டாவும் போடும் வண்டிகள் பெருகியதும், குட்டியானை வண்டிகளை டிபன் வண்டிகளாக மாற்றித் தரும் பட்டறைகளும் வந்துவிட்டன. அப்படியொரு பட்டறைக்கு நான் போனது தகர வேலையைப் பார்க்க அல்ல. கேஸ் லைன் இழுப்பதைப் பார்க்க.

ஃபிட்டருக்கு அறுபது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. இளவயதில் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களுக்கு டீசல் குழாய் போட்டவர். "அங்க அலை, இங்க சி.டி.எச். ரோடு. ரெண்டும் ஆட்டுறதுதான் தம்பி. வீட்டுல போடுற மாதிரி இங்க லைன் போட்டா ஆறு மாசம் தாங்காது" என்றார்.

அன்று செப்புக் குழாய் வேலை. ஹேக்ஸா பிளேடைத் தொடவே விடவில்லை. குழாய் வெட்டும் கட்டரைச் சுற்றிச் சுற்றித்தான் அறுத்தார். வாயில் நின்ற பிசிறைச் சுரண்டி எடுத்து, குழாயைத் தலைகீழாகத் தட்டி, தூளை உதிர்த்தார். நட்டை முதலில் கோத்துவிட்டு, அப்புறம்தான் ஃபிளேர் அடித்தார். விரிந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த முனை குப்பைக்குத்தான். ஃபிளேர் நட்டில் டெஃப்லான் டேப் சுற்றப் போன பையனைத் தடுத்தார். அங்கே உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்துதான் அடைக்க வேண்டும். டேப் இடையில் வந்தால் உட்காராது. முறுக்கும்போது ஒரு ஸ்பேனர் பிடிக்க, இன்னொன்று திருப்ப. ஒற்றை ஸ்பேனரில் முறுக்கினால் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிளாம்ப் வேலை. ஒன்றரை அடிக்கு ஒன்று, உள்ளே ரப்பர் வைத்தது. செம்பு இளகின உலோகம்தான். ஆனால் ஓயாமல் அதிர்ந்தால் இறுகிப்போகும், இறுகியது ஒருநாள் வெடிப்பு விடும். இழுத்துப் பிடித்த குழாய்க்கு அந்தக் கதி வராது. தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் புஷ் போட்டார். இல்லாவிட்டால் தகர விளிம்பு குழாயைத் தேய்த்தே தின்றுவிடும். சைலன்ஸர் பக்கமும் ஒயரிங் பக்கமும் குழாயைக் கொண்டுபோகவில்லை. ஒரு கிளாம்ப் விலை ஒரு டீக்காசு. வண்டி எடுக்க வருகிறவர்கள் பேரம் பேசிக் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அடுத்தது சிலிண்டர் பெட்டி. எல்.பி.ஜி. வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். அதனால் பெட்டி வண்டியின் உட்புறத்தோடு ஒட்டு உறவில்லாமல் மூடியிருக்க வேண்டும். அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். சிறு படகுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 10239 தரத்தின் அடிப்படையும் இதுவே: கசிந்த வாயு படகின் அடிவயிற்றில் இறங்காமல் வெளியே வழிந்துவிட வேண்டும். அந்தத் தரத்தின் பெயர் மேஸ்திரிக்குத் தெரியாது. துளை மட்டும் சரியான இடத்தில் இருந்தது. இதே மாவட்டத்தில் இப்போது குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவோ காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதற்குப் பழகியவர் இதற்கு வந்தாலும், இதற்குப் பழகியவர் அதற்குப் போனாலும், இந்த வித்தியாசத்தை முதலில் படிக்க வேண்டும்.

கடைசியில் பம்பால் காற்றடைத்து மீட்டர் முள்ளைப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. அப்புறமும் ஒவ்வொரு நட்டிலும் சோப்புத் தண்ணி. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களைப் பற்றிக் கேட்டபோது மேஸ்திரிக்குக் கோபமே வந்துவிட்டது.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு மூட்டியதால் வந்த வினை. நின்றிருந்த பெட்டியிலேயே அப்படி. நாள்தோறும் குழியில் விழுந்து எழுந்து ஓடும் வண்டிக்குள் அடுப்பை வைத்துக்கொண்டு, அதன் குழாயைப் போடுகிறவருக்கு நாம் ஒரு பயிற்சியும் தரவில்லை. மேஸ்திரியிடம் சான்றிதழ் என்று ஒரு தாள்கூடக் கிடையாது; அவர் கற்றது அத்தனையும் படகில். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் இதைக் குறுகியகாலப் பயிற்சியாக வைத்து, இவரைப் போன்றவர்களையே ஆசிரியர்களாக உட்கார வைக்க வேண்டும்.

டிபன் வண்டி வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளாம்பில் பேரம் பேசாதீர்கள். சிலிண்டர் பெட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடுப்புக்குப் போகும் ஹோஸ் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ஹோஸாக இருக்கட்டும். அதையும் ஐந்தாண்டில் மாற்றுங்கள். வியாபாரத்துக்கு 19 கிலோ நீலச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டர் சட்டப்படி கூடாது. வண்டியை நகர்த்துமுன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள், அது எல்.பி.ஜி. அவசர உதவி எண்.